சிங்கப்பூரில் உழைத்த காலம் எந்தக் கணக்கில்?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள், போடவில்லை. கேள்வியை மட்டும் எல்லாரும் படிக்கட்டும் என்று தபாலில் போடாமல் இங்கேயே பதில் எழுதுகிறேன். கந்தர்வக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் ரோட்டில் போனாலும் சரி, புதுக்கோட்டை ரோட்டில் போனாலும் சரி, வெளிநாட்டுப் பணத்தில் மாடி எழுப்பிய வீடுகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அந்த வீடுகளில் இருப்பவர்களுக்கும் உங்கள் கேள்வி உண்டு. கேட்பதற்கு ஆள்தான் இல்லை.

மற்ற வாசகர்களுக்காக உங்கள் நிலவரத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான்கு வருடம் வேலை பார்த்தார், பி.எஃப். பிடித்தார்கள். கல்யாணமான புதிதில் அந்தப் பி.எஃப். பணத்தையும் உங்கள் நகையையும் சேர்த்து ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுச் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினார். அன்றிலிருந்து கட்டட வேலை. இப்போது வயது 49. இன்னும் இரண்டு வருடத்தில் ஊரோடு வந்துவிடலாம் என்று யோசிக்கிறார். மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மலேசியாவா ஜப்பானா என்று ஏஜெண்டுகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நீங்கள் கேட்டது இதுதான்: "இத்தனை வருஷம் உழைச்சவருக்கு அங்கேருந்து பென்ஷன் ஏதும் வருமா? வராதுன்னா ஏன் வராது?"

முதல் கேள்விக்குப் பதில்: வராது. ஆறுதலுக்காகச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரில் மத்திய சேமநிதி என்று ஒன்று 1955 ஜூலை 1 முதல் நடந்துவருகிறது. 55 வயதுக்கு மேற்படாத ஒருவர் 100 வெள்ளி சம்பாதித்தால் அவர் பங்காக 20, முதலாளி பங்காக 17, ஆக 37 வெள்ளி அவர் பெயரில் ஏறும். வீடு வாங்குவது, வைத்தியம் பார்ப்பது, வயதான பிறகு மாதாமாதம் கைக்கு வாங்குவது எல்லாம் அதிலிருந்துதான். ஆனால் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் எத்தனை வருடம் உழைத்தாலும் அதற்குள் வர முடியாது.

அதற்காக உங்கள் கணவரை வேலைக்கு வைத்ததற்கு முதலாளி எதுவுமே கட்டவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். லெவி கட்டுகிறார். 2024 ஜனவரி முதல் கட்டடத் தளத்தில் வேலை செய்யும், ஆர்-1 என்ற கூடுதல் திறன் தகுதி உள்ள ஒருவருக்கு மாதம் 500 வெள்ளி. அந்தத் தகுதி இல்லாதவருக்கு 900 வெள்ளி. அது அரசாங்கத்துக்குப் போகிறது. 500 என்றே வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 6,000 வெள்ளி. உங்கள் கணவரின் உழைப்பை முன்னிட்டுக் கட்டிய பணம், அவர் பெயரில் ஒரு காசுகூடச் சேராத பணம். வெளிநாட்டு ஆட்களை முதலாளிகள் வரைமுறையின்றி எடுத்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட கட்டணம் அது என்பார்கள். காரணம் புரிகிறது. ஆனால் முதலாளியின் கையிலிருந்து மாதாமாதம் அவ்வளவு பணம் புறப்படுகிறது என்றால், அதில் சிறு பங்கு தொழிலாளியின் முதுமைக்கு ஒதுக்கக் கட்டுப்படியாகாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். வேலையில் விபத்து என்றால், தவறு யாருடையது என்று பாராமல் இழப்பீடு கொடுக்கச் சிங்கப்பூரில் சட்டம் இருக்கிறது. அது பெர்மிட்காரர்களுக்கும் பொருந்தும். மருத்துவக் காப்பீட்டின் குறைந்த வரம்பை 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக 2023 ஜூலையில் உயர்த்தினார்கள். கை போனால் கணக்கு உண்டு, காய்ச்சல் வந்தால் கணக்கு உண்டு. வயது போனால்தான் கணக்கு இல்லை. 2025 ஜூலை முதல் பெர்மிட்டில் வேலை செய்வதற்கான உச்ச வயதை 63 ஆக்கியிருக்கிறார்கள். இத்தனை வருடம்தான் இருக்கலாம் என்ற பழைய வரம்பையும் எடுத்துவிட்டார்கள். இனி ஒருவர் தன் உழைக்கும் காலம் முழுவதையும் அங்கேயே கழித்துவிட்டு, பென்ஷன் என்று எதுவும் இல்லாமல் திருச்சியில் வந்து இறங்கலாம்.

இதற்கு உலகத்தில் மருந்தே கிடையாதா என்றால், உண்டு, பழைய மருந்துதான். 1904-இலேயே பிரான்சும் இத்தாலியும் தொழிலாளர்களுக்காக ஓர் ஒப்பந்தம் போட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியின் ஏழைக் கிராமங்களிலிருந்து ஆட்கள் ரயிலேறிப் பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். 1956 ஆகஸ்ட் 8 அன்று மார்சினெல் சுரங்கத்தில் தீப்பிடித்து 262 பேர் இறந்தார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியர். அந்தக் காலத்தில் ஐரோப்பிய நாடுகள் பேசிக்கொண்டிருந்த விஷயங்களில் ஒன்று, எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவனின் பென்ஷனும் இழப்பீடும் அறுந்துபோகாமல் எப்படித் தொடர்வது என்பது. 1957 டிசம்பரில் ரோமில் அதற்காக ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அடுத்த வருடம் அது ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் மூன்றாம் எண் விதியாக வந்தது. மூன்றாம் எண் என்றால் பாருங்கள், கடையைத் திறந்ததும் முதலில் செய்த வேலைகளில் ஒன்று.

அந்த விதிகள் பிறகு எத்தனையோ முறை திருத்தப்பட்டாலும் உள்ளே இருக்கும் விஷயம் எளிமையானது. ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு நாட்டில்தான் சந்தா கட்ட வேண்டும். உள்ளூர்க்காரருக்கு உள்ள உரிமை வெளியூர்க்காரருக்கும் வேண்டும். இரண்டு நாடுகளில் உழைத்த வருடங்களைக் கூட்டிப் பார்த்துத் தகுதியை முடிவு செய்ய வேண்டும். பென்ஷன் வாங்குபவர் எந்த நாட்டில் குடியிருந்தாலும் பணம் அங்கே போய்ச் சேர வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். உங்கள் மகனை வைத்தே சொல்கிறேன். இந்தியாவில் பி.எஃப். பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 10 வருடச் சேவை வேண்டும். ஜப்பானிலும் குறைந்தது 10 வருடம். 2017 வரை 25 வருடமாக இருந்தது, பிறகு குறைத்தார்கள். மகன் ஜப்பானில் 5 வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பி ஒரகடத்தில் ஏதாவது கம்பெனியில் 6 வருடம் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் இல்லையென்றால் அங்கேயும் தகுதி இல்லை, இங்கேயும் தகுதி இல்லை. ஒப்பந்தம் இருந்தால் 5-ஐயும் 6-ஐயும் கூட்டி 11 என்று இரண்டு நாடுகளும் ஏற்கும். பிறகு ஜப்பான் தன் 5 வருடத்துக்குரியதைக் கொடுக்கும். இந்தியா தன் 6 வருடத்துக்குரியதைக் கொடுக்கும். பணம் ஒரு கஜானாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதில்லை. உழைத்த காலத்தை மட்டும் ஒருவர் கணக்கை மற்றவர் ஏற்கிறார்கள். இந்திய–ஜப்பான் ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

இந்தியா இப்படி முதலில் ஒப்பந்தம் செய்துகொண்ட நாடு பெல்ஜியம். 2009 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. பிறகு ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, டென்மார்க், பிரான்ஸ், தென்கொரியா, நெதர்லாந்து, ஸ்வீடன், நார்வே, கனடா, ஆஸ்திரேலியா, போர்ச்சுகல் என்று பட்டியல் நீள்கிறது; கடைசியாக 2024-இல் பிரேசில். நல்ல பட்டியல். அதை அப்படியே கையில் வைத்துக்கொண்டு திருச்சி விமான நிலையத்தில் எந்த ஊர்களுக்கெல்லாம் நேரடி விமானம் இருக்கிறது என்று பாருங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா, கொழும்பு. ஒன்றுகூடப் பட்டியலில் இருக்காது.

இது ஏன் என்று நான் யோசித்ததைச் சொல்கிறேன். ஐரோப்பாவில் இந்த ஏற்பாடு சுரங்கத் தொழிலாளியை மனதில் வைத்து வளர்ந்தது. நம் நாட்டில் அதைக் கேட்டது கம்ப்யூட்டர் கம்பெனிகள். பெங்களூரிலிருந்து ஒரு என்ஜினீயரை இரண்டு வருடத்துக்கு ஐரோப்பாவுக்கு அனுப்பினால் இங்கேயும் பி.எஃப். கட்ட வேண்டும், அங்கேயும் சந்தா கட்ட வேண்டும், இரட்டைச் செலவு. அதைத் தவிர்க்கத்தான் பேச்சு தொடங்கியது. ஆகவே ஒப்பந்தம் போட்டால் யாருடைய செலவு குறையும் என்று பார்த்துப் போட்டார்கள். 2025 ஜூலையில் பிரிட்டனோடு வணிக ஒப்பந்தம் கையெழுத்தானபோது கூடவே பேசி முடித்ததும் இந்த இரட்டைச் சந்தா விலக்கைத்தான். அமெரிக்காவோடு இன்னும் ஒப்பந்தம் இல்லை. அங்கே பென்ஷனுக்கு 10 வருடச் சந்தா வேண்டும், எச்-1பி விசாவோ பொதுவாக 6 வருடம். அந்த இழப்பு பெரிதாகப் பேசப்படுகிறது, பேசப்பட வேண்டியதும்தான். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ தொழிலாளி சந்தாவே கட்டுவதில்லை. முதலாளிக்கு இரட்டைச் செலவு இல்லை, அதனால் குறை சொல்ல வாசல் தட்டுபவரும் இல்லை.

அரசாங்கத் தரப்பில் ஒரு பதில் சொல்வார்கள்: ஒப்பந்தம் என்பது இரண்டு திட்டங்களை இணைப்பது, ஒரு பக்கம் வெளிநாட்டுக்காரருக்குத் திட்டமே இல்லாதபோது எதை எதோடு இணைப்பது? சரியான பதில்தான். ஆனால் முடிவான பதில் இல்லை. நம்மவர்களுக்கு வேறு மாதிரிப் பேரம் தேவைப்படுகிறது என்றுதான் அதற்குப் பொருள்.

அப்படிப் பேரம் பேசியே பழக்கமில்லாத நாடும் இல்லை நாம். இலங்கையோடு 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தை எல்லாரும் ஆள் கணக்குக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தேயிலைத் தோட்டத்தில் தலைமுறைகளாக உழைத்த மக்களை அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பங்கு போட்ட ஒப்பந்தம் அது. புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இருந்தார்கள். அதை நான் ஒருநாளும் புகழ மாட்டேன். ஆனாலும் அதற்குள் பலரும் கவனிக்காத ஒரு பிரிவு இருக்கிறது. இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் கடைசியாகப் புறப்படும்போது தங்கள் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படச் சொத்து முழுவதையும் கொண்டுபோக இலங்கை அரசு அனுமதிக்க வேண்டும். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்ச வரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது. இலங்கையில் சேமலாப நிதிச் சட்டமே 1958-இல்தான் வந்தது. ஆறு வருடத்துக்குள் அது இரண்டு நாட்டு ஒப்பந்தத்தில் ஏறிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. அது பென்ஷன் கிடையாது. கணக்கை முடித்துக் கையில் கொடுக்கிற ஏற்பாடு. தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் வந்தவர்களுக்கு அந்தப் பணம் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நான் சொல்ல வருவது இதுதான்: கொழுந்து கிள்ளியவரின் சேமலாப நிதியை இரண்டு நாட்டுத் தலைவர்கள் உட்கார்ந்து எழுத்தில் கொண்டுவந்தது நடக்காத காரியம் இல்லை. அறுபது வருடத்துக்கு முன்பே நடந்திருக்கிறது. கம்பி கட்டுகிறவருக்கு இன்று ஏன் நடக்கவில்லை என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

வளைகுடாவைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. உங்கள் வீட்டுக்கு அது தேவைப்படவில்லை. அங்கே பென்ஷனுக்குப் பதிலாக வேலை முடியும்போது கிராஜுவிட்டி கொடுக்கிறார்கள். அமீரகத்தில் முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். கம்பெனி மூழ்கினால் கிராஜுவிட்டியும் மூழ்கும் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து. பஹ்ரைன் மட்டும் 2024 மார்ச்சிலிருந்து அந்தத் தொகையை மாதாமாதம் அரசின் சமூகக் காப்பீட்டு நிறுவனத்தில் கட்டச் சொல்லிவிட்டது. மற்ற நாடுகளும் அதைச் செய்தால் நல்லது.

மலேசியா உங்கள் மகன் காரியம், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். வெளிநாட்டுத் தொழிலாளிக்கு விபத்து இழப்பீட்டில் பாரபட்சம் கூடாது என்று 1925-இலேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை நிறைவேற்றியது. இந்தியாவும் அதை ஏற்றது, மலேசியாவும் ஏற்றது. இருந்தும் 1993 ஏப்ரலில் மலேசியா வெளிநாட்டுத் தொழிலாளர்களைச் சொக்சோ என்ற சமூகக் காப்பீட்டிலிருந்து எடுத்து, 1952-ஆம் வருடத்துப் பழைய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் போட்டுவிட்டது. ஒரே தளத்தில் ஒரே சாரத்திலிருந்து இரண்டு பேர் விழுந்தால், மலேசியக் குடிமகனின் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவி. நம்மூர்க்காரர் குடும்பத்துக்கு ஒரே தடவையில் ஒரு தொகை, அவ்வளவோடு முடிந்தது. இது சரியில்லை என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு திரும்பத் திரும்பச் சொன்ன பிறகு, 2019 ஜனவரியில்தான் மீண்டும் சொக்சோவுக்குள் கொண்டுவந்தார்கள். 2024 ஜூலையில் உடல் இயலாமைத் திட்டத்தையும் அவர்களுக்குத் திறந்தார்கள். 26 வருடம் ஆகியிருக்கிறது ஒரு தவற்றைத் திருத்த. ஆனாலும் திருத்தினார்கள். அந்த நாடுகள் மாறவே மாறாது என்று சொல்பவர்களுக்கு இதை நான் எடுத்துக்காட்டுவது வழக்கம்.

2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து மலேசிய ஊழியர் சேமநிதியும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கட்டாயமாகியிருக்கிறது. தொழிலாளி 2 சதவீதம், முதலாளி 2 சதவீதம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். கணக்குப் பார்த்தால் மாதம் 34-ம் 34-ம் 68 ரிங்கிட், வருடத்துக்கு 816. அதே சம்பளம் வாங்கும் மலேசியருக்கு அவர் பங்கு 11 சதவீதம், முதலாளி பங்கு 13 சதவீதம். மாதம் 408 ரிங்கிட் சேரும். ஆறில் ஒரு பங்குதான் நம்மவருக்கு. ஆனாலும் பூஜ்யத்தைவிட இது மேல். வேலை முடிந்து நாட்டைவிட்டுப் புறப்படும்போது மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். மகன் மலேசியா போனால் முதல் மாதச் சம்பளச் சீட்டிலேயே சொக்சோ, சேமநிதி இரண்டுக்கும் பிடித்தம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சேமநிதி உறுப்பினர் எண்ணை உங்கள் வீட்டு நோட்டிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான் என்றால் அங்கே ஊழியர் பென்ஷனுக்குச் சம்பளத்தில் 18.3 சதவீதம், பாதி அவன் தருவான், பாதி கம்பெனி தரும். பிடித்தம் அதிகமாக இருக்கிறதே என்று முதல் மாதமே போன் பண்ணுவான். ஊர் திரும்பும்போது, கட்டியதில் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று கூட இருப்பவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான், திரும்பிய இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் கிடைக்கும். ஆனால் அதை வாங்கிவிட்டால் அந்த வருடங்கள் அழிந்துவிடும். நான் மேலே சொன்ன 5-உம் 6-உம் 11 என்ற கூட்டலில் 5 காணாமல் போய்விடும். வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடன் கழுத்தை நெரிக்கும்போது எங்கோ இருக்கிற பென்ஷனைப் பற்றிப் பேசுவது வெளியில் நிற்பவர்களுக்குச் சுலபம். எதை விட்டுக்கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கட்டும்.

இன்னொரு விஷயம். மகன் பத்தாம் வகுப்புத் தேறியிருப்பதால் அவன் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை முத்திரை இருக்காது. நல்லதுதான், அலைச்சல் இல்லை. ஆனால் மத்திய அரசின் 10 லட்ச ரூபாய்ப் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கட்டாயமாக இருப்பது அந்த முத்திரை உள்ளவர்களுக்குத்தான். சிங்கப்பூர் அந்தச் சோதனைக்குரிய 18 நாடுகளின் பட்டியலிலேயே இல்லை. 2012-இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்று மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா என்று ஒரு பென்ஷன் திட்டம் கொண்டுவந்தார்கள். அரசும் வருடாவருடம் தன் பங்கைப் போடும் என்றார்கள். அதுவும் முத்திரை உள்ள பாஸ்போர்ட்டில் அந்த நாடுகளுக்குப் போனவர்களுக்கு மட்டும். உங்கள் கணவர் அன்றைக்கே சிங்கப்பூரில் இருந்தும் அதில் சேர வழியில்லை. சேர்ந்தவர்களே மிகக் குறைவு என்று 2017-இல் அதை மூடிவிட்டார்கள். துபாயில் லேபர் கேம்பில் இருக்கிறவரிடம் திட்டத்தை யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்று கேட்டுவிட்டு மூடியிருக்கலாம்.

பிலிப்பைன்ஸ் இதையே வேறு விதமாகச் செய்தது. 2019-இல் ஒரு சட்டம் போட்டு, வெளிநாட்டில் வேலை செய்யும் தன் குடிமக்களைச் சொந்த நாட்டுச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் கட்டாய உறுப்பினர்கள் ஆக்கியது. கேரளம் 2008-இலேயே பிரவாசிகளுக்காகச் சட்டம் இயற்றி, சந்தா கட்டி வருகிறவர்களுக்கு 60 வயதில் மாத ஓய்வூதியம் தருகிறது. தமிழ்நாடு 2011-இல் சட்டம் இயற்றியது. அயலகத் தமிழர் நலவாரியம் இயங்கத் தொடங்கியது பல வருடம் கழித்து. இங்கே இன்னும் காப்பீடும் உதவித்தொகையும்தான் முன்னால் நிற்கின்றன. மாதச் சந்தாவும் மாத ஓய்வூதியமுமாக ஒரு திட்டம் நம் பக்கத்து ஆட்களுக்கு வேண்டும் என்று உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் ஒரு மனு கொடுத்து வையுங்கள். டில்லி செய்ய வேண்டியது தனி. சிங்கப்பூரோடு பேசும்போது லெவியில் பத்தில் ஒரு பங்கைத் தொழிலாளி பெயரில் போடச் சொல்லிக் கேட்கலாம். ஆர்-1 ஆளுக்கு அது மாதம் 50 வெள்ளி. 20 வருடத்தில் வட்டி இல்லாமலே 12,000 வெள்ளி. இருக்கிற கட்டணத்திலிருந்து எடுப்பதால் முதலாளிக்குக் கூடுதல் செலவு கிடையாது. சிங்கப்பூர் சம்மதிக்குமா என்பது வேறு. கேட்டால்தானே சம்மதமா இல்லையா என்பதே தெரியும்.

நீங்கள் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "பென்ஷன் இல்லேன்னாலும் முந்திரித் தோப்பு இருக்கு." உங்கள் பக்கத்தில் பலருக்கும் அதுதான் நம்பிக்கை. சிங்கப்பூர்ப் பணம் வீடாகும், நகையாகும், மனையாகும், மிச்சம் இருந்தால் தோப்பாகும். குறை சொல்லவில்லை. ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறி உங்கள் மாவட்டத்தைத் தாண்டிப் போனபோது வேரோடு சாய்ந்த முந்திரி மரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி ஒரு ராத்திரியில் போய்விடாத ஒன்று மாதாமாதம் வருவது நல்லது, அது சின்னத் தொகையாக இருந்தாலும்.

அந்தச் சின்னத் தொகைக்கு உங்கள் வீட்டில் இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கலாம். திருப்பூர் பி.எஃப். பணத்தை எடுத்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று விதியே இருக்கிறது; உங்கள் மேல் தவறில்லை. ஆனால் பி.எஃப். என்பது இரண்டு பெட்டி. 1995 நவம்பர் 16-க்குப் பிறகு முதலாளி பங்கிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம் பென்ஷன் பெட்டிக்குப் போகிறது. சேமிப்புப் பெட்டியை எடுக்கப் படிவம் 19. பென்ஷன் பெட்டியை எடுக்கப் படிவம் 10சி. சிலர் இரண்டையும் போடுவார்கள். சிலர் 19-ஐ மட்டும் போட்டிருப்பார்கள், அதோடு மறந்துவிட்டிருப்பார்கள். உங்கள் கணவர் 10சி போட்டாரா என்பதுதான் கேள்வி.

போடவில்லை என்றால் அந்த 4 வருடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர் 51 வயதில் திரும்பி வந்து, பி.எஃப். பிடிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தால் 58-க்குள் மீதி 6 வருடத்தை முடித்துவிடலாம். பென்ஷனுக்கு எண்ணும் சம்பளத்தின் உச்சம் 15,000 ரூபாய், 2014 செப்டம்பருக்கு முந்தைய வருடங்களுக்கு 6,500 ரூபாய். பழைய 4 வருடத்தை 6,500-ஆலும் புதிய 6 வருடத்தை 15,000-ஆலும் பெருக்கிக் கூட்டி 70-ஆல் வகுத்தால் மாதம் 1,657 ரூபாய். இதுக்கா இவ்வளவு என்று தோன்றும். சாகும் வரை வரும், அவருக்குப் பின் உங்களுக்குப் பாதி வரும். 10சி போட்டுப் பணம் வாங்கியிருந்தால் அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது. அப்போது தேசிய ஓய்வூதியத் திட்டத்தைப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் இந்தியரும் அதில் சேரலாம், சிங்கப்பூரில் இருந்துகொண்டே கட்டலாம், அதற்கு எந்த நாட்டு ஒப்பந்தமும் வேண்டாம். அடல் பென்ஷன் உங்கள் கணவருக்கு ஆகாது, 40 வயதோடு கதவு மூடிவிடும். மகனுக்கு ஆகும்: 22 வயதில் சேர்ந்தால் மாதம் 292 ரூபாய் கட்டி 60-க்குப் பிறகு மாதம் 5,000 வாங்கலாம். விமானம் ஏறுவதற்கு முன்பே ஊர் பேங்கில் முடித்துவிடுங்கள். முப்பத்தெட்டு வருடம் கழித்து 5,000 ரூபாய்க்கு என்ன மதிப்பு இருக்கும் என்பதையும் அவனுக்குச் சொல்லிவிடுங்கள். அதை நம்பி மட்டும் இருக்கக் கூடாது.

திருப்பூர்க் கம்பெனி இருக்கிறதோ இல்லையோ, அந்தக் காலத்து பி.எஃப். கணக்கு எண் பழைய சம்பளச் சீட்டிலோ 19-ஆம் படிவத்தின் நகலிலோ இருக்கும். எண் எழுத்துக் குறியீட்டோடு தொடங்கும். இன்றைய பன்னிரண்டு இலக்க யு.ஏ.என். 2014-இல்தான் வந்தது, அதை அவரிடம் தேட வேண்டாம். பழைய எண், ஆதார் நகல், பேங்க் புத்தகத்தில் அந்தப் பணம் வந்த பக்கம், மூன்றையும் எடுத்து வையுங்கள். பேங்க் புத்தகத்தில் ஒரு வரவுதான் இருக்கிறதா, இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இருந்தால் 10சி பணமும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றுதான் என்றால் அவர் பொங்கலுக்கு வரும்போது பி.எஃப். அலுவலகத்துக்கு நேரில் போய், பென்ஷன் சேவை பாக்கி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பாக்கி இருக்கிறது என்றால், அந்தப் பழைய சேவையைப் புதிய வேலையோடு சேர்ப்பதற்கான ஸ்கீம் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்க வேண்டும். என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.

அன்புடன்.